ஏழாவது பெஞ்சுக்கு ஒரு அறிவிப்பு

மேனேஜர்: ...பன்னெண்டே பன்னெண்டு நடைமேடைதான்மா இந்த பஸ் நிலையத்துல. முப்பத்தி மூணாவது எங்கேன்னு ஒரு குடும்பமே பெட்டி படுக்கையோட சுத்தி வந்திருக்கு!

மெக்கானிக்: முப்பத்தி மூணா?

மேனேஜர்: "நடைமேடை எண் மூன்று"ன்னு இவர் சொல்றார். ஸ்பீக்கர் "மூன்று... மூன்று"ன்னு ரெண்டு தடவை சொல்லுது. அவங்க ரெண்டையும் சேர்த்துக்கிட்டாங்க. பஸ் போயே போச்சு. என் சட்டையைப் பிடிக்காத குறைதான்.

மெக்கானிக்: எத்தனை நாளா இப்படி சார்?

மேனேஜர்: எக்கோ எப்பவுமே உண்டு. முன்னாடி பழைய ஸ்பீக்கர். ஒரு தடவை சொன்னாலும் புரியாது, ரெண்டு தடவை சொன்னாலும் புரியாது. அதனால யாரும் குறை சொல்லலை. போன மாசம் புது ஸ்பீக்கர் மாட்டினோம் பாரு... இப்ப ரெண்டு தடவையும் தெளிவாப் புரியுது!

அறிவிப்பாளர்: ஒரு நிமிஷம் சார், பதினேழு வந்துருச்சு... பயணிகளின் அன்பான கவனத்திற்கு. வடக்கு வழித்தடம் செல்லும் பதினேழாம் எண் பேருந்து, நடைமேடை எண் நான்கிலிருந்து இன்னும் ஐந்து நிமிடங்களில் புறப்படும்.

மெக்கானிக்: அடேயப்பா... என்ன குரல்ணே! ஒரு எழுத்துகூடத் தடுக்கலையே.

மேனேஜர்: அதுதான் அதிசயம். இந்த மைக்குல நம்ம சைகையைத் தவிர எவனாலயும் பேச முடியாது. இவருக்கு முன்னாடி நாலு பேர் வேலையே வேணாம்னு ஓடிட்டாங்க.

மெக்கானிக்: சைகையா?

மேனேஜர்: இவருக்கு அதுதான் பேர். மைக்கை விட்டு எழுந்தா வாயைத் திறக்க மாட்டார். எல்லாம் கையால, தலையால. அவ்வளவு அடக்கம்! இரு, எக்கோ எப்படி இருக்குன்னு நானே காட்டறேன். அந்த இன்னொரு ஹெட்போனைக் கொடு... பயணிகளின்... அன்ப்பான... கவ... கவன... கனவத்து...

மெக்கானிக்: கனவத்துக்கா சார்?

மேனேஜர்: பதினே... னே... பதினேழ்ழாம்... ச்சே! நாக்கை யாரோ பின்னாலேர்ந்து பிடிச்சு இழுக்கறாங்கம்மா!

மெக்கானிக்: சரி... அதுக்கு ஏன் கத்துறீங்க?

மேனேஜர்: யாரு கத்துறா? நான் கத்தவே இல்லையே!

அறிவிப்பாளர்: சார், ஹெட்போனைக் கழட்டிட்டுப் பேசுங்க. கூடத்து ஸ்பீக்கருக்குப் போற ஸ்விட்ச் போட்டபடி இருக்கு. கீழே எல்லாரும் அண்ணாந்து பாக்கறாங்க.

மேனேஜர்: ஐயையோ... அணைய்யா, அணை! இத பாரும்மா, மூணு மெக்கானிக் வந்துட்டுப் போயாச்சு. எலி கடிச்சிருக்குன்னார் ஒருத்தர். ஈரம்னார் இன்னொருத்தர். மூணாமவர் ஒண்ணுமே சொல்லலை, டீ குடிச்சார், போயிட்டார். சரி பண்ணி ரெண்டே நாள், எக்கோ திரும்ப வந்துடும்.

மெக்கானிக்: ரெண்டு நாள்ல தானா வந்துடுமா?

மேனேஜர்: தானாத்தான். வேதாளம் முருங்கை மரம் ஏறின கதை. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள தீரலைன்னா, நாளையிலேர்ந்து பதிவு பண்ணின குரல்தான் பேசும். அதுக்கான பெட்டிகூட வந்து கீழே இறங்கிடுச்சு. அப்புறம் சைகை, நீ பழையபடி பார்சல் ரூமுக்குப் போக வேண்டியதுதான். எனக்கே கஷ்டமாத்தான் இருக்கு... சரி, நான் கீழே போறேன்.

மெக்கானிக்: அஞ்சு மணிக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கு சார். பாத்துக்கலாம்.

அறிவிப்பாளர்: ...போயிட்டாரா?

மெக்கானிக்: படியிறங்கிட்டார். ஏண்ணே, எனக்குப் பக்கத்துலதானே உக்கார்ந்திருக்கீங்க? ஹெட்போனைக் கழட்டிட்டுப் பேசலாமே.

அறிவிப்பாளர்: இருக்கட்டும் தங்கச்சி. கூடத்துக்குப் போற ஸ்விட்சை அணைச்சாச்சு. நீ பேசறதும் நல்லாவே கேக்குது.

மெக்கானிக்: மைக் மட்டும் உயிரோட இருக்கே. நீங்க பேசறது உங்க காதுக்கே வந்துகிட்டிருக்கும்.

அறிவிப்பாளர்: வரட்டுமே, நம்ம குரல்தானே. நீ மட்டும் என்னவாம்? வந்ததுலேர்ந்து ஒரு காதுல எதையோ சொருகிக்கிட்டுத்தான் இருக்கே. வேலை நேரத்துலயும் பாட்டா?

மெக்கானிக்: ஆமாண்ணே. விட முடியலை.

அறிவிப்பாளர்: என்ன பாட்டு?

மெக்கானிக்: ஒரே ஆளு பாட்டுதான். எந்நேரமும்.

அறிவிப்பாளர்: அவ்வளவு நல்லாப் பாடுவாங்களோ?

மெக்கானிக்: சுமார்தான். பழகிடுச்சு. சரி... நானும் ஒரு தடவை மைக்குல பேசிப் பாக்கறேன், மேனேஜர் கழட்டி வச்ச அந்த ஹெட்போனை இந்தக் காதுக்குக் கொடுங்க. ஏதாவது ஒரு பஸ் சொல்லுங்க.

அறிவிப்பாளர்: இருபத்தி மூணு. நடைமேடை ஒன்பது. கூடத்து ஸ்விட்சைப் போட்டுறாதே, மேனேஜர் மானம் போனது போதும்.

மெக்கானிக்: பயணிகளின் அன்பான கவனத்திற்கு. ஆற்றுப்பாலம் வழியாகச் செல்லும் இருபத்து மூன்றாம் எண் பேருந்து, நடைமேடை எண் ஒன்பதிலிருந்து புறப்படத் தயாராக உள்ளது.

அறிவிப்பாளர்: அட!

மெக்கானிக்: என்னண்ணே, தப்பாச் சொல்லிட்டேனா?

அறிவிப்பாளர்: எப்படி? நாலு பேர் ஓடிட்டாங்க... மேனேஜர் "கனவத்துக்கு"ன்னார்... நீ எப்படி ஒரே மூச்சுல சொன்னே?

மெக்கானிக்: பழக்கம்ணே. அவங்க எல்லாம் ஏன் உளறினாங்க தெரியுமா? வாய் தன்னந்தனியா நடக்காது. காதைக் கேட்டுக் கேட்டுத்தான் அடி எடுத்து வைக்கும். "இப்ப 'ப' சொல்லியாச்சு, அடுத்தது 'ய' போ"ன்னு காது சொல்லணும். அந்தக் காதுக்கு ஒரு கண் இமைக்கிற நேரம் லேட்டாச் சேதி போனா, வாய் அங்கேயே நின்னு முழிக்கும்.

அறிவிப்பாளர்: கத்தினாரே, அது?

மெக்கானிக்: காதை மூடினா தன் குரல் பத்தலைன்னு தோணும். தன்னை அறியாமலே சத்தம் ஏறிடும். பஸ் எஞ்சின் உறுமறப்போ நீங்களும் ஏத்தித்தான் பேசறீங்க, கவனிச்சேன். சரி, இந்தப் பின்மூடியைக் கழட்டறேன்... ஓ... இதுதான் எக்கோ பெட்டியா! யாரோ கச்சேரிக்கு வாங்கினதைக் கொண்டுவந்து பஸ் நிலையத்துல மாட்டியிருக்கான் மகராசன்.

அறிவிப்பாளர்: ஆமா, அது ரொம்பப் பழசு... தூசி பறக்கும், பாத்து.

மெக்கானிக்: தூசி இருக்கு. இந்தத் திருகுல மட்டும் இல்லையே.

அறிவிப்பாளர்: முன்னாடி வந்த மெக்கானிக் தொட்டிருப்பார்.

மெக்கானிக்: இருக்கும். அவங்க மூணு பேரும் இதைத்தான் சைபருக்குத் திருப்பிட்டுப் போயிருக்காங்க. இப்ப சைபர்ல இல்லை. கணக்கா ஒரு புள்ளியில நிக்குது. சிவப்பு மைப் புள்ளி. யாருண்ணே வச்சது?

அறிவிப்பாளர்: எனக்கு எப்படித் தெரியும்? எலியா இருக்கும்.

மெக்கானிக்: எலி சிவப்புப் பேனா வச்சிருக்குமா? இதோ உங்க பஸ் நேர நோட்டு. புறப்பட்ட பஸ்ஸுக்கெல்லாம் பக்கத்துல சிவப்புப் புள்ளி. அச்சு அசல் அதே புள்ளி.

அறிவிப்பாளர்: சிவப்புப் பேனா ஊர்ல ஆயிரம் பேர்கிட்ட இருக்கும்!

மெக்கானிக்: சரி, விடுங்க. இப்ப உங்க ஹெட்போனைக் கழட்டிக் கொடுங்க, வயரைப் பாக்கணும்.

அறிவிப்பாளர்: வயர் நல்லாத்தான் இருக்கு.

மெக்கானிக்: பாத்துட்டுத் தந்துடறேன்ணே.

அறிவிப்பாளர்: பஸ் வந்தா?

மெக்கானிக்: அடுத்தது பத்து நிமிஷம் கழிச்சுத்தான். நோட்டுல இருக்கு. கொடுங்கண்ணே. ...ம், நன்றி. வீட்ல எத்தனை பேரு?

அறிவிப்பாளர்: ...

மெக்கானிக்: விரலைக் காட்டறீங்க. ரெண்டா? நீங்களும் அண்ணியுமா?

அறிவிப்பாளர்: ம்.

மேனேஜர்: என்னம்மா ஆச்சு? கீழே இருப்பு கொள்ளலை எனக்கு, வந்துட்டேன். சைகை, கீழே ஜனங்க காத்திருக்காங்களே, அந்த மலைப்பாதை வண்டி வந்துச்சா?

அறிவிப்பாளர்: அ... அது... இ... இன்...

மேனேஜர்: இன்னைக்கு வராதா?

அறிவிப்பாளர்: இல்... இ... இன்னும்...

மேனேஜர்: இன்னும் ரெண்டு மணி நேரமா! அட கஷ்டமே. சரி சரி, நான் போய் அவங்களுக்குச் சொல்லிடறேன்.

அறிவிப்பாளர்: சா... சார்... ப... ப...

மேனேஜர்: பரவாயில்லைய்யா, நானே சொல்லிக்கறேன்.

மெக்கானிக்: ...ஓடியே போயிட்டாரே.

அறிவிப்பாளர்: ப... ப... ப... பத்து நி... நிமிஷத்துல வ... வந்துடும்னு சொ... சொல்ல வந்தேன்.

மெக்கானிக்: ம். நோட்டுலயும் அப்படித்தான் இருக்கு.

அறிவிப்பாளர்: நீ... நீ மு... முடிக்கலையே.

மெக்கானிக்: எதை?

அறிவிப்பாளர்: என் வா... வாக்கியத்தை. எ... எல்லாரும் அவங்களே மு... முடிச்சுருவாங்க. நீ வா... வாயையே பா... பாக்காம... சும்மா இ... இருந்தே.

மெக்கானிக்: உங்க வாக்கியம். நீங்கதானே முடிக்கணும்? இந்தாங்க ஹெட்போன், வயர் நல்லாத்தான் இருக்கு. மாட்டிக்கோங்க... மாட்டிக்கிட்டு, இப்ப அந்த எலி கதையைச் சொல்லுங்க.

அறிவிப்பாளர்: ...நான்தான் தங்கச்சி. நான்தான் அந்த எலி. ராத்தூக்கம் கெட்டுத்தான் செஞ்சேன். மூணு தடவையும் ஒரு நாள் சமாளிச்சுப் பாத்தேன், தொண்டை சரியில்லைன்னு சாக்குச் சொன்னேன். ரெண்டாம் நாள் திருகைப் பழைய இடத்துக்கே திருப்பி வச்சுட்டேன். சரியான இடம் தப்பிடக் கூடாதுன்னு புள்ளியும் வச்சேன்.

மெக்கானிக்: அந்தப் புள்ளிதான் உங்களைக் காட்டிக் கொடுத்துச்சு. இந்த மைக்குக்கு எப்படி வந்தீங்க?

அறிவிப்பாளர்: பார்சல் ரூம்ல மூட்டை தூக்கிக்கிட்டிருந்தேன். பேச வேண்டிய வேலை கிடையாது, அதனாலதான் அங்கே சேர்ந்தேன். பதினோரு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள் மைக்குல ஆள் இல்லை, நாலாமவரும் ஓடிட்டார். ஒரு சின்னப் பொண்ணு தொலைஞ்சு போய் பார்சல் மேல உக்கார்ந்து அழுவுது. பச்சை கவுன், ஒரு கால்ல மட்டும் செருப்பு. கூடம் முழுக்க ஜனம். அம்மாக்காரி எங்கேன்னு யாருக்குத் தெரியும்? தூக்கிக்கிட்டு மாடி ஏறினேன். மேனேஜர் இல்லை. யாரும் இல்லை.

மெக்கானிக்: நீங்களே பேசினீங்களா?

அறிவிப்பாளர்: ஹெட்போனை மாட்டினேன். எப்படியும் திக்கும், திக்கினா திக்கட்டும், அவ அம்மாவுக்குப் புரிஞ்சா போதும்னு வாயைத் திறந்தேன். "பச்சை கவுன் அணிந்த நான்கு வயதுப் பெண் குழந்தை ஒலிபெருக்கி அறையில் இருக்கிறது"... ஒரு எழுத்து தடுக்கலை தங்கச்சி! யாரோ பேசறாங்கன்னு திரும்பிப் பாத்தேன். என் குரல் பின்னாலேயே நடந்து வருது. முப்பத்தி ஆறு வயசுல முதல் தடவையா ஒரு முழு வாக்கியம் பேசினேன். அம்மாக்காரி ஓடி வந்துட்டா. அவ அழுதா, நானும் அழுதேன். குழந்தை மட்டும் "இன்னொரு தடவை பேசு"ன்னுச்சு.

மெக்கானிக்: உங்க மாதிரி ஆளுங்களுக்கு அப்படித்தாண்ணே. நல்லாப் பேசறவங்களைத் தடுக்கி விடற அதே எக்கோ, திக்கறவங்கள்ல சில பேரைக் கை பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிடும். கூட ஒருத்தர் சேர்ந்து பேசற மாதிரி. ஏன்னு சரியா யாருக்கும் தெரியலை.

அறிவிப்பாளர்: நீ எங்கே படிச்சே இதெல்லாம்?

மெக்கானிக்: அங்கங்கே கேட்டதுதான். அண்ணிக்கு இது தெரியுமா?

அறிவிப்பாளர்: மைக் முன்னாடி திக்காதுன்னு தெரியும். ஏன்னு தெரியாது. புதன்கிழமை அவளுக்கு லீவு. மத்தியானமே வந்து கூடத்துல ஏழாவது பெஞ்சுல உக்கார்ந்துக்குவா. எந்த ஊருக்கும் போறதில்லை. அஞ்சு மணி வரைக்கும் நான் பேசறதைக் கேட்டுட்டு, என்னைக் கூட்டிக்கிட்டுப் போவா. இதோ, கண்ணாடி வழியா பாரு... மஞ்சள் பை வச்சிருக்காளே.

மெக்கானிக்: அட, ஆமா. சிரிச்சுக்கிட்டு உக்கார்ந்திருக்காங்க.

அறிவிப்பாளர்: பதினேழாம் எண் நாலாம் நடைமேடைன்னு சொன்னதுக்குத்தான் அந்தச் சிரிப்பு. அவளும் உன்னை மாதிரிதான், என் வாக்கியத்தை முடிக்க மாட்டா. அடுப்புல ரசம் பொங்கி வழிஞ்சாலும் அப்படியே நின்னு கேப்பா. எனக்கு ஒரு குறையும் இல்லை தங்கச்சி. ஒண்ணே ஒண்ணுதான்...

மெக்கானிக்: என்ன?

அறிவிப்பாளர்: அவ பேரு. கல்யாணம் ஆகி இருபது வருஷம், ஒரு தடவைகூட நேர்ல பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மத்த வார்த்தை வரலைன்னா வேற வார்த்தை போட்டுச் சமாளிப்பேன். பேருக்கு வேற வார்த்தை ஏது? முதல் எழுத்துலயே கதவு சாத்திக்கும். "இந்தா", "இங்கே பாரு"தான். அக்கம்பக்கத்துல நான் ஏதோ மரியாதைக்குப் பேர் சொல்லலைன்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க.

மெக்கானிக்: இங்கேர்ந்து சொல்லிப் பாத்திருக்கீங்களா?

அறிவிப்பாளர்: ...சிரிக்கக் கூடாது.

மெக்கானிக்: சிரிக்கலை, சொல்லுங்க.

அறிவிப்பாளர்: புதன்கிழமை தோறும் சொல்லுவேன். கூடத்து ஸ்விட்சை அணைச்சுட்டு, கண்ணாடி வழியா அவளைப் பாத்துக்கிட்டே, பத்து தடவை. அழகா வரும். அவளுக்குத்தான் கேக்காது. சரி, சொல்லியாச்சு. திருகைச் சைபருக்குத் திருப்பிடு. இனிமே தொட மாட்டேன். அந்தக் குடும்பம் பஸ்ஸை விட்டதுக்கும் நான்தானே காரணம்? மனசு கேக்கலை. பார்சல் ரூமும் நமக்குப் பழகின இடம்தான்.

மெக்கானிக்: யாரு திருப்பப் போறா? இந்தப் பெட்டி, வயர் கூடத்துக்கும் ஹெட்போனுக்குமாப் பிரியறதுக்கு முன்னாடியே உக்கார்ந்திருக்கு. அதனால கூடத்துக்கும் எக்கோ போகுது, உங்க காதுக்கும் எக்கோ வருது. இதைக் கழட்டி, ஹெட்போனுக்குப் போற பாதையில மட்டும் சொருகிட்டா...

அறிவிப்பாளர்: சொருகிட்டா?

மெக்கானிக்: ஜனங்களுக்கு ஒரு தடவை. உங்களுக்கு ரெண்டு தடவை.

அறிவிப்பாளர்: ...அது முடியுமா?

மெக்கானிக்: ரெண்டு வயர்ணே. டீ குடிக்கிற நேரம். முதல்ல வந்தவங்க கேட்டிருந்தா அவங்களே செஞ்சிருப்பாங்க. நீங்களும் சொல்லலை, அவங்களும் கேக்கலை. அந்த டார்ச்சைப் பிடிங்க... இன்னும் கீழே... வெளிச்சம் என் மூக்கு மேல விழுது பாருங்க.

அறிவிப்பாளர்: இப்ப சரியா?

மெக்கானிக்: ...இது இங்கே... அது அங்கே... ம், முடிஞ்சுது. மலைப்பாதை வண்டி உள்ளே வருது. பேசுங்க.

அறிவிப்பாளர்: பயணிகளின் அன்பான கவனத்திற்கு. மலைப்பாதை செல்லும் ஐந்தாம் எண் பேருந்து, நடைமேடை எண் மூன்றுக்கு வந்துகொண்டிருக்கிறது.

மெக்கானிக்: "மூன்று." ஒரே ஒரு மூன்று!

அறிவிப்பாளர்: எனக்கு ரெண்டு! எனக்கு ரெண்டு மூன்று கேட்டுச்சு தங்கச்சி!

மேனேஜர்: ஏம்மா! என்னம்மா செஞ்சே? கண்ணாடி மாதிரி இருக்கே! என்னதான் கோளாறு?

மெக்கானிக்: எலிதான் சார்.

மேனேஜர்: பாத்தியா, முதல் ஆள் சரியாத்தான் சொல்லியிருக்கார். கொன்னுட்டியா?

மெக்கானிக்: பாவம், நல்ல எலி சார். வேற வழியில போகவிட்டுட்டேன். இனிமே யாரையும் தொந்தரவு பண்ணாது.

மேனேஜர்: சைகை, நீ ஏன்யா கண்ணைத் துடைக்கறே?

அறிவிப்பாளர்: தூசி சார். பின்மூடியைத் திறந்தாங்க இல்லே...

மேனேஜர்: பதிவுக் குரல் பெட்டியைத் திருப்பி அனுப்பச் சொல்லிடறேன். அது பேசறதைக் கேட்டேன், துக்கம் விசாரிக்க வந்த மாதிரி இருந்துச்சு. அப்புறம்... மலைப்பாதை வண்டி ரெண்டு மணி நேரம்னே இல்லே? ஜனங்களை எல்லாம் சாப்பிட அனுப்பிட்டேனேய்யா!

அறிவிப்பாளர்: நான் பத்து நிமிஷம்னுதான் சொல்ல வந்தேன் சார். நீங்க முடிக்க விட்டாத்தானே?

மேனேஜர்: அட கடவுளே... நிறுத்துங்கப்பா அந்த வண்டியை!

மெக்கானிக்: ...இவரை ஒரு நாள் ஹெட்போன் மாட்டி உக்கார வைக்கணும்ணே. கொஞ்சம் நிதானம் வரும்.

அறிவிப்பாளர்: ஹ ஹ... பாரு, மணி அஞ்சு. அவ எழுந்து பையை எடுத்துக்கிட்டா. உன்னை அவகிட்ட அறிமுகம் பண்ணணும்... ஆனா கீழே இறங்கினா எனக்குப் பேச்சு வராதே. நீயே உன்னைச் சொல்லிக்கோ.

மெக்கானிக்: நீங்களே சொல்லுங்கண்ணே. ஹெட்போனைக் கழட்டிட்டு இப்படித் திரும்புங்க, இந்தப் பெட்டியை உங்க சட்டைப் பையில போடறேன். வாய்ப் பக்கம் பாத்து இருக்கணும், குட்டி மைக் இருக்கு. என் காதுல இருக்கறதைக் கழட்டித் தரேன், உங்க காதுல சொருகிக்கோங்க. சொருகிட்டு ஏதாவது பேசுங்க.

அறிவிப்பாளர்: உன் பா... பாட்டுப் பெ... பெட்டியா? எ... எனக்கு எதுக்கு? ...ம், சொருகியாச்சு. பாட்டு ஒண்ணும் கேக்கலையே தங்கச்சி... ஏய்... இது என் குரலாச்சே! பின்னாலேயே வருதே, மைக்குல வர மாதிரியே... நான் எழுந்து நிக்கறேன், நடக்கறேன், ஒரு எழுத்து தடுக்கலை! இதை யாருக்குன்னு செஞ்சே நீ? என்ன, சும்மா நிக்கறே? இவ்வளவு நேரம் வாய் ஓயாம பேசினியே, இப்ப என்ன ஆச்சு? சொல்லு தங்கச்சி...

மெக்கானிக்: எ... எ... எனக்குத்தாண்ணே. வீ... வீட்ல இ... இன்னொண்ணு இருக்கு. போ... போங்க... போயி அ... அண்ணியைப் பே... பேர் சொல்லிக் கூ... கூப்பிடுங்க.